ஏழாவது பக்கத்தில் ஒரு விரல் இடைவெளி

டைல் பதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சீமெந்து குழைக்கவும் மட்டம் பார்க்கவும் சொல்லித்தர இப்போது ஆட்கள் இருக்கிறார்கள், கைத்தொலைபேசியில் படமும் இருக்கிறது. அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. என் முழங்கால்கள் இரண்டும் எனக்கு முன்னமே ஓய்வு பெற்றுவிட்டன. மிச்சமிருப்பது சில சம்பவங்கள். அவற்றில் ஒன்று இது. ஒரு தரையில் பிழை வந்தால் அது யாருடைய பிழை என்று எப்படி அறிவது? இதற்குப் பதில் தேடிப் போன நான் கடைசியில் பழைய கிரேக்கர்களிடம் போய் நின்றேன். நீங்கள் சிரிக்கலாம். அப்போதும் சிரித்தார்கள்.

நான் பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை. ஜெர்மனியில் அகதியாக இருந்தபோது வேலை செய்ய அனுமதி இல்லை. தங்குமிடம் குளிர். நகரத்து நூலகம் சூடாக இருக்கும். அதனால் பகல் முழுவதும் அங்கே உட்கார்ந்து, விளங்காத மொழியில் படமுள்ள புத்தகங்களாகப் பார்த்தேன். கேத்திரகணிதப் புத்தகங்களில் படம் அதிகம். பிறகு சுவிஸில் கோப்பை கழுவினேன், அங்கேதான் டைல் வேலையும் பழகினேன். பிரான்ஸில் சிலகாலம். அதன்பின் லண்டன், வால்தம்ஸ்டோவில் ஒரு அறை. ஓர் இடத்தில் காலூன்றும் ஆள் இல்லை நான். நூலகத்தில் குந்தியிருக்கும் பழக்கம் மட்டும் எல்லா ஊருக்கும் கூட வந்தது.

நான் சொல்லப்போவது 2009ஆம் ஆண்டு நடந்தது. அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். வசந்தகாலத்தில் எங்கள் வேலைத்தலங்கள் பாதி வெறுமையாகக் கிடந்தன. ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி எல்லோரும் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம். மே மாதத்தில் போர் முடிந்தது, அதற்குப் பிறகு எல்லோரும் வேலைக்குத் திரும்பினோம். ஒரு கையில் சாந்துக்கரண்டி, மறு கையில் தொலைபேசி என்று வேலை நடந்தது.

எங்களுக்கு வேலை பிடித்துக்கொடுத்தவர் குலம். மோர்டனில் வீடு. என் வயதுதான் அவருக்கும். ஒரு காலத்தில் நல்ல வேலைக்காரர், பிறகு முதலாளி. அவரிடம் வேலை செய்தவர்களில் கைவேலை சுத்தமானவன் நேசன். முப்பத்தைந்து வயதிருக்கும். பாரிஸில் வேலை பழகி லண்டனுக்கு வந்தவன். அவனுடைய அக்காவும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் வவுனியாவில் அகதி முகாமுக்குள் இருந்தார்கள். யாருடையவோ தொலைபேசியிலிருந்து எப்போதாவது அழைப்பு வரும், பாதியில் அறுந்துபோகும். அந்த மாதங்களில் அவன் இரண்டு பிழைகள் விட்டிருந்தான். ஒரு வீட்டில் கழிப்பறை டைலைத் தலைகீழாக வெட்டினான். இன்னொரு வீட்டில் வெட்டும் இயந்திரத்தின் தண்ணீரை நிறுத்த மறந்து ஒரு கம்பளத்தை நனைத்தான். எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் கிங்ஸ்பரியில் ஒரு வேலை வந்தது. பிள்ளைகளுக்குப் பாட்டுப் படிப்பிக்கும் ஓர் அம்மா, எல்லோருக்கும் அவர் ‘சங்கீத ரீச்சர்’, பழைய கம்பளக் கடையொன்றை எடுத்து வகுப்பு மண்டபமாக மாற்றிக்கொண்டிருந்தார். தரையின் நடுவில் மூன்று மீற்றர் அகலத்தில் ஏழுபக்க உருவம் ஒன்று கருங்கல் பட்டியால் வரவேண்டும். மூலைக்கு ஒரு சுரம். மூலைக்கு ஒரு பிள்ளை இருந்து பாடும். விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகளுக்குத் தொடக்கம், அதற்குள் தரை முடியவேண்டும்.

"ஆறு பக்கம் எண்டால் சுகமாய் முடிக்கலாம் ரீச்சர்," என்றார் குலம்.

"ஆறு சுரத்திலை என்னத்தைப் பாடுறது? உம்மடை தலையையோ?"

நேசன் பின்னால் நின்று சொன்னான்: "ஏழு எனக்குத் தெரியும் அண்ணை. பாரிஸிலை கனக்கச் செய்தனான்."

அவனுக்கு ஒரு போர்த்துக்கேய மேசன் சொல்லிக்கொடுத்த முறை அது. வட்டத்துக்குள்ளே மூன்று பக்கமும் சமமான முக்கோணம் ஒன்றை வரை. அதன் ஒரு பக்கத்தில் பாதியை எடு. அந்த நீளத்தில் கவராயத்தை விரித்து வட்டத்தைச் சுற்றி எட்டுவைத்துப் போனால் ஏழாவது எட்டில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடலாம். அழகான முறை. குளியலறைத் தரையிலும் மேசைப் பலகையிலும் சாப்பாட்டுக் கோப்பை அளவில் அவன் செய்தவற்றை நானே பார்த்திருக்கிறேன். ஒரு குறையும் சொல்லமுடியாது.

அந்த முறைப்படி நீளத்தை எடுத்து, ஏழு கருங்கல் பட்டிகளை ஒரே அளவில் வெட்டுவித்தான். பசை பூசுமுன் வெறுமனே தரையில் அடுக்கிப் பார்ப்பது வழக்கம். ஆறு பட்டிகள் அழகாக உட்கார்ந்தன. ஏழாவதை வைத்தான். அது முதலாவதை எட்டவில்லை. இடையில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் தரை தெரிந்தது.

"ஐசே, இஞ்சை வந்து இதைப் பாரும்," என்று குலம் என்னைக் கூப்பிட்டார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "எத்தினை தரமடா அளந்தனி?"

"மூண்டு தரம் அண்ணை."

"எங்கை பாத்துக்கொண்டு அளந்தனி? போனைப் பாத்துக்கொண்டோ?"

நேசன் குனிந்து அந்த இடைவெளியையே பார்த்தான். "என்ரை பிழைதான் அண்ணை. எங்கையோ விட்டிட்டன்."

"எங்கையோ எண்டால்? எங்கை?"

"தெரியேல்லை."

குலம் கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தணித்தார். "உனக்கு மே மாசத்துக்குப் பிறகு மனம் இஞ்சை இல்லை. எனக்கு விளங்குது. என்ரை பக்கத்திலையும் செத்தவைதான். ஆனா ரீச்சருக்கு நாள் வைச்சாச்சு. நீ கொஞ்சநாள் வீட்டிலை நில். நான் கூப்பிடுறன்."

எங்கள் தொழிலில் ‘நான் கூப்பிடுறன்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் சீக்கிரம் தெரியவரும். நேசன் மேலங்கியைப் போட்டுக்கொண்டு போனான். அது கோபத்தில் போன நடை என்றால் எனக்குப் பரவாயில்லை. தீர்ப்பை ஏற்றுக்கொண்ட ஆளின் நடை அது.

அவன் போனபின் சும்மா ஒரு யோசனையில் அவனுடைய பெரிய மரக் கவராயத்தை எடுத்தேன். அதே முறைப்படி விரித்து, அதே வட்டத்தில் சோக்குக்கட்டியால் குறியிட்டு எட்டுவைத்துச் சுற்றினேன். ஒரு விரல் குறைந்தது. எதிர்த்திசையில் சுற்றினேன். அதே விரல். கவராயத்தை முற்றாக மூடித் திரும்ப விரித்துச் சுற்றினேன். குறைந்தது.

எனக்கு அரிப்புப் பிடித்தது அங்கேதான். கைப்பிழை என்றால் ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். இது குறைவதை மட்டுமே செய்கிறது. ஒரு டைலின் முதுகில் சின்னக் கவராயத்தால் சின்ன வட்டம் போட்டுச் சுற்றினேன். சரியாக மூடியது. அல்லது மூடியதுபோல இருந்தது. பென்சில் கோட்டின் தடிப்புக்குள் எது ஒளிந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தெரியாது.

குலத்திடம் சொன்னேன்.

"உமக்கும் வயசு போட்டுது. ரெண்டு பேரும் பிழை விடுறியள்," என்றார் அவர்.

நான் இன்னும் நூறுதரம் அளந்தாலும் அவர் அதையே சொல்லலாம்.

அந்தக் காலத்தில் வால்தம்ஸ்டோவில் வளர்ந்தவர்களுக்கான மாலை வகுப்பு ஒன்றுக்குக் கணக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒழுங்காகப் போனேன் என்று சொல்லமாட்டேன். வேலை இல்லாத நாட்களில் போனேன். படிப்பித்தவள் என் மகள் வயதுப் பெண், கானாவிலிருந்து வந்த குடும்பம். முதல்நாளே அவள் பலகையில் ஒரு வட்டம் வரைந்து, நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு கிழித்து, "இந்தக் கோடு வட்டத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறதா?" என்று கேட்டிருந்தாள். வகுப்பே சிரித்தது. இதென்ன கேள்வி, பார்த்தாலே தெரிகிறதே.

"இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரேக்கர் இதை நிறுவவேண்டும் என்று நினைத்தாராம்," என்றாள் அவள். "பார்த்தாலே தெரிவதை ஏன் நிறுவவேண்டும்? வீட்டுக்குப் போகும் வழியில் யோசியுங்கள்."

பஸ்ஸில் யோசித்தேன். விளங்கவில்லை. அந்தக் கிரேக்கர் வேலையற்ற ஆள் என்று முடிவுகட்டினேன்.

இப்போது அந்த ஒரு விரல் இடைவெளியை அவளிடம் கொண்டுபோனேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் கேட்டேன். கதை முழுவதையும் சொன்னேன். நேசனையும் அவனுடைய அக்காவையும் பற்றியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

அவள் பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "நீங்கள் அளந்து காட்டினால் உங்கள் கையைச் சந்தேகிக்கலாம். நீங்கள் இரக்கமுள்ளவர் என்றால் அந்த இரக்கத்தைச் சந்தேகிக்கலாம்," என்றாள். "அந்தக் கிரேக்கர்களுக்கும் இதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன்."

அவள் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன். எகிப்தில் கயிறு பிடித்து நிலம் அளந்தவர்களுக்கும், பாபிலோனில் களிமண்ணில் கணக்கு எழுதியவர்களுக்கும், எங்கள் பக்கத்தில் வேள்விக்கு மேடை கட்டியவர்களுக்கும் இப்படியான முறைகள் நிறையத் தெரிந்திருந்தன. இதைச் செய், இது வரும். சிலது சரியாக வந்தது, சிலது கிட்டத்தட்ட வந்தது. எது எந்த ரகம் என்று பிரித்துச் சொல்ல முறைக்குத் தெரியாது. கிரேக்க ஊர்கள் சிறியவை. சந்தையிலும் நீதிமன்றத்திலும் நாள்முழுக்க ஒருவரோடு ஒருவர் வாதாடுகிற மனிதர்கள். உன் எதிரில் நிற்பவன் உனக்குச் சமம். ‘நான் சொல்கிறேன், நம்பு’ என்றால் சிரிப்பான். அதனால் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். முதலில் இருவரும் ஒத்துக்கொள்கிற மிகச் சின்ன விஷயங்கள் சிலதை வைத்துக்கொள்வோம். பிறகு அவற்றை மட்டும் மிதித்து ஏறுவோம். ஒவ்வொரு படியிலும் நீ என்னை மறிக்கலாம். மறிக்க முடியாவிட்டால் மேலே வா.

பல தலைமுறை கழித்து அலெக்சாந்திரியாவில் இருந்த ஓர் ஆசிரியர் அந்தப் படிகளையெல்லாம் ஒழுங்காக அடுக்கினார். வட்டத்துக்குள் மூன்று பக்கம், நான்கு, ஐந்து, ஆறு வரைவதெல்லாம் அவர் சொல்கிறார். அடுத்தது ஏழு என்று பார்த்தால் காணவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல் பதினைந்துக்குத் தாவிவிடுகிறார்.

"மறந்துபோனாரா?" என்று கேட்டேன்.

"அந்த மனிதர் மறக்கிற ஆள் இல்லை," என்றாள். "ஏறப் படி கிடைக்கவில்லை. கோல் ஒன்றும் கவராயம் ஒன்றும் மட்டும் வைத்துக்கொண்டு ஏழைச் சரியாக வரையவே முடியாது என்று நிறுவ அதற்குப் பிறகு இரண்டாயிரம் ஆண்டு போனது."

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லாமல் ஓர் இடத்தை வெறுமையாக விட்டுப்போன மனிதரை அன்றுதான் கேள்விப்பட்டேன். எங்கள் தொழிலில் அப்படி ஒருவரைக் காண்பது அரிது.

"அப்படியானால் நேசனின் முறை?"

"கிட்டத்தட்ட. நல்ல கிட்டத்தட்ட. ஆனால் நான் சொன்னதற்காக நம்பவேண்டாம்," என்று சொல்லிச் சோக்கை என் கையில் தந்தாள். "மூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் வேறு என்ன உண்மையாக இருந்தாக வேண்டும்?"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாளும் அவளிடம் போனேன். கடைசியில் ஒரு டைல் பெட்டியின் மட்டையில் முழுவதையும் நானே எழுதக்கூடியதாக இருந்தது.

முதலில் குலத்திடம் போனேன். மட்டையைக் காட்டவில்லை. கவராயத்தைக் கொடுத்து, "நீரே சுத்திப் பாரும்," என்றேன்.

"எனக்கு வேறை வேலை இல்லையோ?" என்றார். ஆனால் முழங்காலில் இறங்கினார். நல்ல வேலைக்காரனுக்கு அந்த ஆசை போகாது. சுற்றினார். ஒரு விரல். "சனியன்," என்றார். கவராயத்தைத் துடைத்தார். கண்ணாடியைப் போட்டார். ஒரு விரல்.

"ஒருக்காலும் கூடி வராதோ? குறையிறது மட்டும்தானோ?"

"வராது. முறை அப்பிடி."

நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப பெடியனை வரச்சொல்லும். ரீச்சருக்கு நான் சொல்லுறன், கல்லு வெட்டினவங்கள் பிழை விட்டிட்டாங்கள் எண்டு."

"கல்லு வெட்டினவங்களிலை பிழை இல்லை குலம்."

"ஆரிலையும் பிழை இல்லை எண்டு சொன்னால் ரீச்சர் நம்புவாவே, ஐசே?"

நேசன் மறுநாள் வந்தான். வேலைக்கு இல்லை, தன் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தான்.

"குலம் கூப்பிட்டவர் எல்லே?" என்றேன்.

"கூப்பிட்டவர். இரக்கத்திலை கூப்பிடுறார். நீங்கள் கதைச்சிருப்பியள்."

"குலமும் அளந்தவர். அவருக்கும் குறைஞ்சது."

"எனக்காண்டி நீங்கள் கவராயத்தைக் குறைச்சு விரிச்சுக் குடுத்திருப்பியள்." கோபம் இல்லாமல்தான் சொன்னான். "அண்ணை, உங்களை நான் குறை சொல்லேல்லை. ஆனா என்னாலை இனி அளக்கேலாது. விருப்பமெண்டால் சீமெந்து குழைச்சுத் தாறன், கல்லுத் தூக்கித் தாறன். வெட்டுறதும் அளக்கிறதும் வேறை ஆரும் செய்யட்டும். என்ரை கையை எனக்கே நம்பேலாமல் கிடக்கு."

வேலை அவனுக்குத் திரும்பக் கிடைத்தாயிற்று. போனது வேறொன்று. அதைக் குலமும் திருப்பிக் கொடுக்கமுடியாது, ரீச்சரும் கொடுக்கமுடியாது. முதுகில் தட்டிக்கொடுப்பது அந்த நேரத்தில் எதிர்மாறாகவே வேலை செய்யும்.

"அளவை விடு. ஒண்டையும் அளக்காமல் காட்டுறன். எங்கை பிழை கண்டாலும் மறி," என்று சொல்லி, ஒரு வெறும் மட்டையில் வெறுங்கையால் வட்டம் வரைந்தேன்.

"வட்டம் கோணல்," என்றான்.

"கோணலாய் இருக்கட்டும். நான் இந்த வட்டத்தைப் பற்றிக் கதைக்கேல்லை."

"பின்னை எந்த வட்டத்தைப் பற்றி?"

"நடுவிலையிருந்து எல்லாப் பக்கமும் ஒரே தூரமாய் இருக்கிறதைப் பற்றி. அது எங்கை இருந்தாலும் சரி. அந்தத் தூரத்தை எட்டுப் பங்கு, ஏழுக்குப் பிறகு வாற எட்டு, எண்டு வைப்பம். மேலையிருந்து தொடங்கிக் கவராயத்தாலை வலப்பக்கம் மூண்டு எட்டு, இடப்பக்கம் மூண்டு எட்டு வைச்சுக்கொண்டு இறங்கு. உன்ரை முறை சரியெண்டால் கீழை ரெண்டு முனைக்கும் இடையிலை எவ்வளவு மிஞ்சவேணும்?"

யோசித்தான். "ஒரு எட்டு. ஏழிலை ஆறு போனால் ஒண்டு."

"அவ்வளவுதான் கேள்வி. அந்த மிச்சம் ஒரு எட்டுக்குச் சமனோ, இல்லையோ? சமன் எண்டால் உன்ரை கை பிழை. சமனில்லை எண்டால் முறை பிழை."

சாமான் பையைக் கீழே வைத்தான். நடுவில் உள்ள கணக்கை இங்கே நான் எழுதவில்லை. வேண்டியவர்கள் செய்து பார்க்கலாம், செங்கோண முக்கோணத்தின் விதி ஒன்று போதும். அறை சதுரமாக இருக்கிறதா என்று மூன்று, நான்கு, ஐந்து பிடித்துப் பார்க்கிறோமே, அதே விதி. அங்கேதான் அவன் என்னை மறித்தான்.

"அது ஏன் சரி? எல்லாரும் செய்யினம் எண்டு நாங்களும் செய்யிறம். ஏழும் அப்பிடித்தானே செய்தனாங்கள்."

எனக்குப் பெரிய சந்தோஷம். நான் மகள் வயதுப் பெண்ணிடம் கேட்ட அதே கேள்வி. கழிவு டைல்களை எடுத்து ஒரே மாதிரி நான்கு செங்கோண முக்கோணங்களை வெட்டச்சொன்னேன். யோசிக்காமலே இயந்திரத்தைப் போட்டு வெட்டினான். ஒரு சதுரத்தின் நான்கு மூலையிலும் அவற்றை வைத்தோம், நடுவில் சாய்ந்த சதுரம் ஒன்று வெறுமையாக இருந்தது. அதே சதுரத்துக்குள் அவற்றையே இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்தோம், இப்போது இரண்டு சின்னச் சதுரங்கள் வெறுமையாக இருந்தன. முக்கோணங்களும் அதே, வெளிச்சதுரமும் அதே. ஆகவே வெறுமையும் அதே அளவுதான்.

அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "வெட்டுற பிளேட்டின்ரை தடிப்பு இருக்கு. ஒரு மில்லிமீற்றர் போயிருக்கும்."

"டைலிலை போகும். முக்கோணத்திலை போகாது."

அந்தச் சொல்லை அவன் மென்றுகொண்டு இருந்தான். வெளியே பஸ் போய் வந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. நாங்கள் தொடுகிற எதுவுமே சரியான வட்டம் இல்லை, சரியான கோடு இல்லை. கையில் எடுக்கமுடியாத ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று எந்தக் கிரேக்கனுக்கு முதலில் தோன்றியதோ, அவனுக்கும் இப்படி ஓர் அமைதியான பொழுது கிடைத்திருக்கும்.

"சரி, மேலை சொல்லுங்கோ," என்றான்.

பென்சிலை அவனிடமே கொடுத்தேன். கணக்கை அவனே போட்டான். கவராயம் வைக்கும் ஓர் எட்டின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கினால் நாற்பத்தெட்டு. கீழே மிஞ்சுகிற இடைவெளியை அப்படியே பெருக்கினால் நாற்பத்தொன்பதுக்கும் கொஞ்சம் மேலே. இரண்டும் சமன் இல்லை.

திரும்பப் போட்டான். பிழை தேடித்தான் போட்டான். எங்காவது தன் குற்றத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுபோல ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தான். இரக்கத்தில் சொல்லப்பட்ட எதையும் அவனால் அப்படிச் சோதித்திருக்க முடியாது. குலத்தின் சொல்லையும் என் சொல்லையும் அவன் தள்ளிவிட்டான். நாற்பத்தெட்டையும் நாற்பத்தொன்பதையும் தள்ள அவனுக்கு வழி கிடைக்கவில்லை.

"அப்ப இதை ஆர் செய்தாலும்..."

"ஆர் செய்தாலும்."

"மனதிலை ஒரு யோசினையும் இல்லாதவன் செய்தாலும்?"

"அவனுக்கும் ஒரு விரல் குறையும்."

"அந்தப் போர்த்துக்கேயனுக்கும்?"

"அவன் இவ்வளவு பெரிசாய் ஒருநாளும் செய்திருக்கமாட்டான். சின்னதிலை பூச்சுக்குள்ளை மறைஞ்சுபோகும்."

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முகத்தைக் கையால் துடைத்தான். பிறகு சொன்னான்: "ஆனா அந்தக் கழிப்பறை டைல் என்ரை பிழைதான் அண்ணை."

"அது உன்ரை பிழைதான். கம்பளமும் உன்ரை பிழைதான். அதுக்கு எந்தக் கிரேக்கனாலையும் ஒண்டும் செய்யேலாது."

அவன் சிரித்தான். மே மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வேலைத்தலத்தில் பிழை வரும்போது எல்லோருடைய கண்ணும் உடனே ஓர் ஆளைத் தேடும். அண்மையில் யார் அழுதான், யார் குடித்தான், யார் தூங்காமல் வந்தான் என்று பார்ப்போம். அந்த ஆளும் பெரும்பாலும் தலையைக் குனிந்து கொடுத்துவிடுவான். அதற்கு முன் ஒரு நிமிடம், அது எந்தக் கைக்காவது சரியாக வந்திருக்குமா என்று கேளுங்கள். வந்திருக்கும் என்றால் ஏசுங்கள். அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

மிச்ச வேலை எளிது. நேசன் கவராயத்தை ஒரு மயிரளவு அதிகமாக விரித்துச் சுற்றினான். கூடியது. கொஞ்சம் குறைத்தான். இப்படிப் பொறுமையாகக் கூட்டிக் குறைத்துக் கண்ணுக்கு மூடும்வரை வந்தான். புதுப் பட்டிகளுக்கான அளவை அவனே கல்லுக் கடைக்குச் சொன்னான். தொலைபேசி இடையில் ஒலித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

விஜயதசமிக்கு முதல்நாள் ரீச்சர் தரை பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏழுபக்கத்தையும் சுற்றி நடந்தார். ஒவ்வொரு மூலையிலும் நின்று அந்தந்தச் சுரத்தை மெல்லப் பாடிப் பார்த்தார். குலம் கைகட்டி நின்றார்.

"இப்ப சரியாய் வந்திட்டுது என்ன?" என்று ரீச்சர் கேட்டார்.

"நூற்றுக்கு நூறு ரீச்சர்," என்றார் குலம்.

"இல்லை ரீச்சர்," என்றான் நேசன்.

குலம் அவனை முறைத்தார்.

"ஏழு சரியாய் வராது. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாய் ஒரு பிழை இருக்கு."

ரீச்சர் குனிந்து பார்த்தார். "எங்கை? எனக்கு ஒண்டும் தெரியேல்லையே."

நேசன் நேராக நடந்துபோனான். ஐந்தாவது மூலையில் முழங்காலிட்டு, இரண்டு பட்டிகள் சேரும் இடத்தில் சுட்டுவிரலை வைத்தான்.

"இஞ்சை," என்றான். "இவ்வளவு மட்டும் என்ரை பிழை."